மாரியிற் சக்கரம், கோடையிற் பனிமலை

மணவாழ்க்கையிற் புகுந்தவுடன் விளையாட்டை மூட்டை கட்டிப் பரண்மீது போட்டுவிடுதல் நம்மவர் வழக்கம். கல்லூரி ஓட்டப்பந்தயத்தில் முதற் பரிசு பெற்ற வாலிபன், உத்தியோகமும் மனைவியும் வாய்த்த ஈராண்டிற்குள், வாகனமின்றிச் சந்திக்கடைக்குக் கூடச் செல்லமாட்டான். வலைப்பந்தாட்டத்திற் பேரெடுத்த பெண்ணோ, அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் இடையே நடப்பதையே தேகப்பயிற்சியென்று கொண்டு அமைந்துவிடுகிறாள். இருவரும் சேர்ந்து விளையாடுதல் என்பது பேச்சுக்கே இடமில்லாத சங்கதி. கணவனும் மனைவியும் சேர்ந்து செல்லுமிடங்கள் கோயில், கலியாணவீடு, செத்தவீடு, படமாளிகை என்னும் நான்கினுள் அடங்கிவிடும்.

மேலைநாட்டு மலையூர்களிற் காணும் நிலை வேறு. சுவிற்சர்லாந்து, ஒஸ்திரியா, கனடாவின் மேற்றிசை, அமெரிக்காவின் கொலராடோ முதலிய இடங்களில் தம்பதியர் பலருடைய வீடுகளில் இரண்டு சோடி பனிச்சறுக்குப் பலகைகளும் இரண்டு மலைச் சைக்கிள்களும் அருகருகே தொங்கும். மார்கழி தொடங்கிப் பங்குனி ஈறாகப் பலகை. பனி உருகி மண் தெரிந்ததும் சைக்கிள். குளிர்காலத்திற் பனிச்சறுக்குவோரை மலைமேல் ஏற்றிச் செல்லும் அதே தொங்கு நாற்காலிகள், கோடையிற் சைக்கிளையும் அதற்குரியவரையும் ஏற்றிச் செல்கின்றன. ஏறியவர்கள் மரங்களுக்கிடையே வளைந்திறங்கும் ஒற்றையடிப் பாதை வழியே உருண்டு வருவர். இதற்காகவே பட்டணத்து உத்தியோகத்தை உதறிவிட்டு மலையடிவாரத்திற் குடியேறினோரும் உளர்.

பனிச்சறுக்கு மிகப் பழையது. நோர்வே நாட்டார் அதனை விளையாட்டாகத் தொடங்கவில்லை. பனி மூடிய காலத்தில் அயலூருக்குச் செல்லவும் வேட்டைக்குச் செல்லவும் காலிற் கட்டிய மரப்பலகையே அவர்களுக்கு வாகனமாயிற்று. அந்நாட்டின் ரெலிமார்க் என்னும் பகுதியில் 1825ஆம் ஆண்டிற் பிறந்த சொண்ட்ரே நோர்ஹைம் என்ற எளிய குடியானவர், குதிகாலைச் சுற்றிப் பிடிக்கும் கட்டுகளை அமைத்துக்கொண்டு, விரைவிற் குன்றாது வளைந்து திரும்பும் வித்தையைப் பரப்பினார். சறுக்கி இறங்குதல் சரி. ஏறுவது எங்ஙனமென்று மாணவர் கேட்கக்கூடும். பலகையின் அடிப்பக்கத்திற் கடல்நாயின் தோலைக் கட்டிக்கொள்வர். அத்தோலின் மயிர் பின்னோக்கிச் சாய்ந்திருத்தலாற் பலகை முன்னே வழுக்கும், பின்னே வழுக்காது. இன்று அதனைச் செயற்கை நாரினாற் செய்கின்றனர். ஆயினும் தோலென்ற பெயர் மட்டும் மாறவில்லை.

மலைச் சைக்கிளோ நேற்றுப் பிறந்த குழந்தை. 1970களிற் கலிபோர்ணியா மாநிலத்திலே, சான் பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கேயுள்ள தமால்பாய்ஸ் மலைப்பக்கத்து இளைஞர் சிலர், பருத்த ரயர் பூட்டிய பழைய சைக்கிள்களை மலிவாக வாங்கி மலைப்பாதையில் உருட்டிவிட்டனர். 1976இல் அவர்கள் தொடங்கிய பந்தயத்திற்கு ‘றீபாக்’ என்று பெயர். மீள அடைத்தல் என்பது அதன் பொருள். இறக்கத்தில் ஓயாது பிடிக்கப்பட்ட பின்சக்கரத் தடை சூடேறி, உள்ளேயிருந்த கிறீஸ் முழுவதும் புகையாய்ப் போய்விடும். ஆதலால் ஓடி முடிந்ததும் அதனைக் கழற்றிப் புதிய கிறீஸ் அடைக்க வேண்டியிருந்தது. இவ்வாறு விளையாட்டுப் பிள்ளைகளின் வேடிக்கையாய்த் தொடங்கியது, இருபதே ஆண்டில், 1996ஆம் ஆண்டு அற்லாந்தா ஒலிம்பிக் பந்தயத்தில் இடம்பெறலாயிற்று.

பார்வைக்கு வேறுபட்ட இவ்விரண்டுக்கும் வேண்டிய பழக்கம் பெரும்பாலும் ஒன்றே. முழங்காலைச் சற்றே மடித்து, உடம்பின் பாரத்தைக் கால்களிலே தாங்கி, காலடியைப் பாராது எதிரே வரும் வளைவைப் பார்த்தல் வேண்டும். அஞ்சி உடம்பை விறைத்தவன் இரண்டிலும் விழுவான். எனவே ஒன்றில் உழைத்த கால் மற்றொன்றிற்கும் உதவுகிறது. தம்பதியருக்குச் சிக்கல் வேறிடத்தில் உண்டு. இருவர் வேகமும் ஒத்திருத்தல் அரிது. முந்தியவர் சலிப்பின்றிக் காத்து நிற்றல் வேண்டும், பிந்தியவர் வெட்கப்படலாகாது. இஃது மலைக்கு மாத்திரம் உரிய சிக்கலோ என்பதை மணமானவர் அறிவர்.

ஆண்டை இரு கூறாக்கி, ஒரு கூற்றைச் சக்கரத்திற்கும் மறு கூற்றைப் பனிக்கும் ஒப்படைத்துவிட்ட தம்பதியருள் மிகவும் வியக்கத்தக்கவர் இருவர், நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்னர் நம் ஈழநாட்டுத் தெருக்களிலும் துவிச்சக்கரவண்டி செலுத்திச் சென்றவர்களே. அவர்கள் கையிற் பனிச்சறுக்குப் பலகை இருக்கவில்லை. பனிக்கோடரியும் கயிறுமே இருந்தன. மலைச் சைக்கிள் அன்று பிறக்கவேயில்லை. இக்காலத்தவர் குளிர்காலத்திற் பனியையும் கோடையிற் சைக்கிளையும் நாடுவர். அவர்களோ வெப்பநாட்டிற் சஞ்சரித்தமையால் முறையைத் தலைகீழாக்கினர்: குளிர்ந்த மாதங்களிற் சமவெளியிலே சைக்கிள், வெயில் எரிக்கும் மாதங்களில் இமயத்துப் பனி.

வில்லியம் ஹன்ரர் வேர்க்மன் என்பவர் அமெரிக்காவிலே மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரில் 1847இற் பிறந்தவர், தொழிலால் வைத்தியர். அவருடைய மனைவி ஃபானி புலக், அம்மாநிலத்தின் ஆளுநராயிருந்தவருடைய மகள், 1859இற் பிறந்தவர். செல்வத்திலும் செல்வாக்கிலும் குறைவில்லாத இல்லறம். ஆயின் வைத்தியருக்குத் தேகநிலை சரியில்லை. அதன் காரணமாக நாற்பது வயது கடந்த சில காலத்திலே தொழிலை விட்டொழித்து, 1889இற் குடும்பத்துடன் ஜேர்மனிக்குச் சென்று தங்கினார். நோயாளியென்று தொழிலைத் துறந்த இம்மனிதர், பின்னர் ஐம்பத்தாறாவது வயதிலே இருபத்து மூவாயிரம் அடிக்கு மேற்பட்டதென அவரே கணித்த உயரத்திற் கால் வைத்தாரென்றால், அந்நோயின் தன்மை யாதென்று ஆராய எமக்குத் தகுதியில்லை. மலைக்காற்றே மருந்தாயிற்றுப் போலும்.

முதலில் அல்ப்ஸ் மலைகளில் ஏறினர். மோண்ட் பிளாங், மற்றர்ஹோர்ண் முதலிய சிகரங்களில் அம்மையார் கால் பதித்தார். இடையிலே துவிச்சக்கரவண்டி வந்து சேர்ந்தது. முன்சக்கரம் பெரிதாயும் பின்சக்கரம் சிறிதாயும் இருந்த பழைய வண்டியில் ஏறுவதே வித்தை. விழுந்தாலோ முகம் உடையும். 1885இல் இங்கிலாந்தின் ஸ்ராலி செய்த ‘றோவர்’ வண்டியில் இரு சக்கரங்களும் ஏறத்தாழ ஒரே அளவின. 1888இல் டன்லொப் காற்றடைத்த ரயரை அமைத்தார். இவ்விரண்டும் சேர்ந்தபின் பாவாடை உடுத்த பெண்ணும் துவிச்சக்கரவண்டி ஏறலாமென்றாயிற்று. யாழ்ப்பாணத்துத் தெருக்களிற் பெண்பிள்ளைகள் வரிசையாகத் துவிச்சக்கரவண்டியிற் பள்ளிக்குச் செல்லும் காட்சி நமக்குப் புதுமையன்று. ஆனால், அக்காலத்து மேலைநாட்டிலே பெண்ணொருத்தி சைக்கிளில் அமர்ந்தால் அவள் உடம்பு கெடும், ஒழுக்கமும் கெடும் என்று வாதித்த வைத்தியர்களும் பாதிரிமாரும் இருந்தனர். வைத்தியர் வேர்க்மன் அவ்வகையைச் சேர்ந்தவரல்லர். மனைவியுடன் அல்ஜீரியாவிலும் ஸ்பெயினிலும் சைக்கிளிற் சென்றார். இருவரும் சேர்ந்தெழுதிய பயண நூல்கள் 1895இலும் 1897இலும் வெளிவந்தன.

1897ஆம் ஆண்டு கார்த்திகை மாதமளவிற் கீழைநாட்டுப் பயணம் தொடங்கிற்று. அப்பொழுது அவருக்கு வயது ஐம்பது, அம்மையாருக்கு முப்பத்தெட்டு. இலங்கை, ஜாவா, பர்மா, இந்தியா என ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளில் அவர்கள் கடந்த தூரம் 14,000 மைல் என்று அவர்களுடைய நூலின் தலைப்பே கூறுகிறது. இந்தியாவின் தென்கோடியிலிருந்து இமயம் வரையுள்ள வழி மாத்திரம் நாலாயிரம் மைல். பற்சக்கரம் மாற்றும் வசதியில்லாத வண்டி. தேயிலை, சீனி, பிஸ்கட், பாற்கட்டி, தகரத்திலடைத்த இறைச்சி, ஆளுக்கொரு கம்பளி, தலையணை, எழுதுகருவிகள், மருந்து, ரியூப் ஒட்டும் சாமான்கள் ஆகியவையே மூட்டை. உணவு கிடைக்கும் என்பதற்காகப் புகையிரதப் பாதையை அடுத்த பெருந்தெருக்களிலேயே சென்றனர். நம் நாட்டு வாடிவீடு போன்ற இடம் அகப்படாத இரவுகளிற் புகையிரத நிலையத்து ஆறுமண்டபத்திலே படுத்தனர். நுளம்பும் எலியும் துணை. முள் குத்திச் சில நாட்களில் நாற்பது துளை வரை ஒட்டுப்போட வேண்டியிருந்ததாம். நாற்பது! ஒரு துளைக்கே வண்டியை வேலியோரம் சாத்திவிட்டுத் தலையிற் கைவைப்பவர் நாம்.

அவர்கள் வெறுமனே ஓடித் திரியவில்லை. கோயில்களையும் சிற்பங்களையும் தேடிப் படம் பிடித்தனர். பார்ப்பதை அறிந்து பார்த்தல் வேண்டுமென்று இராமாயண பாரதக் கதைகளையும் புத்த ஜாதகக் கதைகளையும் படித்தனர். பழைய கட்டடங்களிற் காட்டிய அன்பை அவற்றின் அருகே வாழ்ந்த மக்களிடம் காட்டினரோ என்பது வேறு கேள்வி. அதற்குப் பின்னர் வருவோம்.

1898ஆம் ஆண்டுக் கோடையில் வெப்பம் தாங்காது வண்டிகளை விட்டு மலையேறினர். ஏறியவர்களை மலை விடவில்லை. மீண்டும் மாரியிற் சக்கரம், மறுகோடையிற் பனிமலை. 1899இல், அக்கொன்காகுவாச் சிகரத்தை முதன்முதல் வென்ற மலைவழிகாட்டியான சூர்பிறிக்கன் என்பவருடன் காரகோரப் பகுதிக்குச் சென்று, பெயரில்லாத சிகரங்களில் ஏறினர். அவற்றுள் ஒன்று ஏறத்தாழ 18,600 அடி. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘சீக்பிரீட்ஹோர்ண்’.

அப்பெயரின் கதையைச் சொல்லியாக வேண்டும். இத்தம்பதியருக்கு இரு குழந்தைகள். மூத்தவள் றேச்சல், 1884இற் பிறந்தாள். இளையவன் சீக்பிரீட், 1889இற் பிறந்து 1893இல், நான்கே வயதில், நோயுற்று இறந்தான். பிள்ளையை இழந்த வீட்டின் வெறுமையை எத்தனையோ தம்பதியர் ஒருவரோடொருவர் பேசாமற் கழித்திருக்கின்றனர். இவ்விருவரும் அவ்வீட்டிலே இருக்கவில்லை. அடுத்த ஆண்டுகளிற் சக்கரமும் மலையுமாக ஓடத் தொடங்கியவர்கள் பின்னர் ஓயவேயில்லை. துயரத்தை மறக்க ஓடினரென்று கூற நான் துணியேன். அம்மையார் அப்படி எழுதி வைத்தாருமல்லர். ஆயினும், மனிதர் கால்படாத பனிச்சிகரமொன்றின் உச்சியில் நின்ற தாயும் தந்தையும் மகனுடைய பெயரை அதற்கு இட்டனர் என்பது எவ்வளவோ சொல்லுகிறது.

இருந்த மகளின் நிலை? றேச்சலைத் தாதியரிடமும் விடுதிப் பள்ளியிலும் ஒப்படைத்துவிட்டே இருவரும் உலகம் சுற்றினர். நம் தாய்மார் இதைக் கேட்டு முகம் சுளிப்பர், சுளிப்பதிற் பிழையில்லை. ஆனால் அம்மையாரைப் பழிப்போர் வைத்தியரையும் சேர்த்தே பழித்தல் நியாயம். அவரும் அக்குழந்தைக்குத் தந்தையன்றோ? றேச்சல் வளர்ந்து நிலவியல் அறிஞராகி, இலண்டன் நிலவியற் கழகம் 1919இல் முதன்முதலாகப் பெண்களை அங்கத்தினராகச் சேர்த்துக்கொண்டபோது அவர்களுள் ஒருவரானார். மலையும் கல்லும் தாய்வீட்டுச் சீதனமாய் வந்தன போலும்; தாயின் மடி அவ்வளவாக வரவில்லை.

இவர்களின் இல்லறத்திலே வியக்கத்தக்கது வேலைப்பங்கீடு. ஆண்டுக்கொருவர் தலைமை. ஓராண்டு ஒருவர் ஆட்களை அமர்த்தல், உணவு சேர்த்தல், வழி வகுத்தல் ஆகியவற்றைப் பொறுப்பேற்பார். மற்றவர் படம்பிடித்தலையும் அளவையையும் கவனிப்பார். மறு பயணத்தில் மாறிக்கொள்வர். நூல்களின் முகப்பிலும் ஒருமுறை மனைவியின் பெயர் முன்னிற்கும். மற்றொருமுறை கணவரின் பெயர். பன்னிரண்டு ஆண்டு மூத்தவரும் தொழிலாற் பெரியவருமான கணவர், மனைவி வகுத்த வழியிலே பின்தொடர்ந்து நடந்தார். இக்காலத்திலும் இஃது எத்தனை வீடுகளில் நடக்கும்?

1906இல் நுன்-குன் மலைத்தொகுதியிலுள்ள பினக்கிள் சிகரத்தில் ஏறியபோது அம்மையாருக்கு வயது நாற்பத்தேழு. உடையோ பாவாடை. தாம் எய்திய உயரம் 23,300 அடியென்று அவர் கணக்கிட்டார். பின்னாளில் அளந்தோர் 6,930 மீற்றர், அதாவது 22,700 அடிக்குச் சற்று மேல், என்று குறைத்தனர். குறைத்தும் என்ன, அதற்குமேல் ஏறிய பெண் அன்று எவருமிலர். 1908இல் அனி பெக் என்னும் மற்றோர் அமெரிக்க மாது, பெரு நாட்டின் வஸ்கரான் சிகரத்தில் ஏறித் தாமே முந்தியவர் என்று கூறினார். அம்மையார் சும்மா இருந்தாரா? 13,000 டொலர் வரை செலவிட்டு அளவையாளரைப் பெருவுக்கு அனுப்பி, அச்சிகரத்தை அளப்பித்தார். 21,812 அடி என்று வந்தது. வெற்றி அம்மையாருக்கே, ஆனால் அத்தொகையில் எத்தனை சுமைகாரருக்குச் சப்பாத்து வாங்கிக் கொடுத்திருக்கலாம்!

சுமைகாரரைப் பற்றி இவ்விருவரும் எழுதியவை படிக்க இன்பந் தருவனவல்ல. சோம்பேறிகள், நன்றியற்றவர்கள், இடையிலே விட்டோடுபவர்கள் என்று பக்கந்தோறும் குறை. பிறர் மூட்டையைச் சுமந்து, கூலிக்காகப் பனிக்கட்டியாற்றில் நடக்கும் ஏழைக்கு, அச்சிகரத்தில் யார் பெயரை இட்டால் என்ன? மலையின்மேல் மனைவியைச் சமமாய் மதித்த மனிதருக்கும், மனிதரென்பதற்காகவே சமமாய் மதிக்கப்பட விரும்பிய மாதுக்கும், அம்மூட்டைக்கடியில் ஒரு மனிதன் இருப்பது போதிய அளவு தெரியவில்லை. அது அவர்கள் வாழ்ந்த ஆட்சிக்காலத்தின் குற்றமென்று சமாதானம் கூறலாம். அதே காலத்தில் வேறுவிதமாய் நடந்தோரும் இருந்தனர்.

1911, 1912ஆம் ஆண்டுகளிற் சென்ற கடைசிப் பயணங்கள், ஏறத்தாழ 45 மைல் நீளமுள்ள சியாச்சென் பனிக்கட்டியாற்றை ஆராய்வதற்கானவை. தலைமை அம்மையாருடையது. அங்கே இத்தாலியச் சுமைகாரர் ஒருவர், அம்மையாருக்குச் சில அடி தூரத்திலே, பனிப்பிளவினுள் வீழ்ந்தார். மேலே எடுத்தும் குளிரினால் அன்றிரவே இறந்தார். அம்மையார் ஒருகணம் திரும்பிவிட எண்ணிப் பின்னர் தொடர்ந்து சென்றார். இருபத்தோராயிரம் அடியளவிலுள்ள பனிமேட்டில் நின்று அவர் எடுப்பித்த புகைப்படம் பெயர்பெற்றது. கையிலே விரித்த பத்திரிகை. அதன் தலைப்பு, பெண்களுக்கு வாக்குரிமை வேண்டுமென்று கோருவது. அவருடைய நாட்டு அரசியலமைப்பு அவ்வுரிமையைப் பெண்களுக்கு உறுதிசெய்தது 1920இல். நம் நாட்டிற் பெண்கள் அதனைப் பெற்றது 1931இல். அந்தப் பனிவெளியிலோ 1984 தொடக்கம் இந்திய, பாகிஸ்தான் படைகள் எதிரெதிரே பாசறை அமைத்திருக்கின்றன.

அம்மையாரின் உயரச் சாதனையை 1934இல் வென்றவரும் கணவரோடு சென்றவரே. ஹெற்றி டீரன்பேர்த் என்னும் அம்மாது, அதே காரகோரத்திற் சியா காங்ரி மலையில் 7,200 மீற்றருக்கு மேலே ஏறினார். அவருக்கும் கணவர் கூந்தருக்கும் சேர்த்து 1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் மலையேற்றத்திற்கான பதக்கம் வழங்கப்பட்டது. இவர்களின் மகன் நோர்மன் 1963இல் எவரெஸ்ற் சென்ற அமெரிக்கக் குழுவின் தலைவர். அவ்வீட்டிற் பிள்ளை மலைக்கு வெளியே விடப்படவில்லை என்று தோன்றுகிறது.

வேர்க்மன் அம்மையார் 1917இல் நோய்வாய்ப்பட்டு, நீண்டநாள் வருந்தி, 1925இற் பிரான்சின் கான் நகரிற் காலமானார். தம் சொத்திலிருந்து 125,000 டொலரைப் பெண்கள் பயிலும் நான்கு கல்லூரிகளுக்கு எழுதி வைத்திருந்தார். தேகநிலை சரியில்லையென்று நாற்பது வயதளவிலே தொழிலை விட்ட கணவர் அதன்பின் மேலும் பன்னிரண்டு ஆண்டு வாழ்ந்து, 1937இல், தொண்ணூறாவது வயதில் மறைந்தார். வூஸ்ரர் நகரத்து மயானத்தில் இருவருக்கும் ஒரே கல். இமயத்தை ஆராய்ந்த முன்னோடிகள் என்பது அதிலே பொறித்திருக்கும் பட்டம். சைக்கிளைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.